அரைக்கால் சுற்று

டிரைவிங் மாஸ்டரின் ஷூவைப் பார்த்தாலே அவர் தொழிலைச் சொல்லிவிடலாம். இடது ஷூ வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். வலது ஷூ மட்டும் பெருவிரலுக்குக் கீழே வட்டமாகத் தேய்ந்து, மழை நாளில் தண்ணீர் உள்ளே வரும். இருபத்தாறு வருடமாகப் பழகுபவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து வந்த தேய்மானம் அது. அந்த பிரேக் ஆபத்துக்கு உதவ வைத்தது. மாஸ்டரோ ஆபத்து வருமோ என்று தோன்றும்போதெல்லாம் மிதிப்பார். அவருக்கு எப்போதும் தோன்றிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கால் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கையில் திரையில் ஒரு லாரி வேகமாக வந்தால் டீப்பாய் நகரும். தூக்கத்தில் கட்டில் சட்டத்தை ஓங்கி மிதிப்பார். அவர் மனைவி அந்தச் சட்டத்தின் மேல் ஒரு பழைய தலையணையைக் கட்டி வைத்திருந்தார். கால் நோகக் கூடாது என்கிற அக்கறையும் உண்டு, சத்தம் கேட்கக் கூடாது என்கிற எரிச்சலும் உண்டு. எது அதிகம் என்று கேட்டால் அவரே சொல்ல மாட்டார்.

மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸ் தேய்ப்பதும் அவரே, கண் பார்ப்பவர் வராத நாட்களில் எழுத்துப் பலகைக்கு எதிரே ஆட்களை உட்காரவைத்து, வட்டச் சட்டத்தில் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "முன்ன போட்டது தெளிவா, இப்பப் போட்டதா?" என்று கேட்பதும் அவரே. ஒரு நாளைக்கு இருநூறு முறையாவது கேட்பார். சலிக்கவே சலிக்காது. கால் பங்குக்கும் அரைப் பங்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு அவருக்கு அதிகம் ஒட்டாது. பின்னால் பொம்மைக் காரால் பழக்கமான பந்தயக் கூட்டம் அவருக்குக் கண்ணாடியம்மா என்று பெயர் வைத்தது. நாமும் அப்படியே சொல்லுவோம்.

இந்த இருவருக்கும் நடுவில் பத்தொன்பது வருடமாகப் பேசப்படாத விஷயம் ஒன்று இருந்தது. கல்யாணமாகி சில வருடங்கள் கழித்து, மாஸ்டர் தன் மனைவிக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கக் கிளம்பினார். ஊருக்கெல்லாம் சொல்லித்தருகிறவர் வீட்டுக்குச் சொல்லித்தராவிட்டால் எப்படி என்று நினைப்பு. இருபது நிமிடத்தில் பதினோரு முறை பிரேக் மிதித்தார். பதினோராவது மிதி, மருந்துக் கடைச் சந்திப்பில், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது. கண்ணாடியம்மா எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்து அவர் மடியில் வைத்தார். கதவைத் திறந்து இறங்கி, நடைபாதையோடு வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். பின்னால் ஹாரன் அடித்தவர்களையெல்லாம் மாஸ்டர்தான் சமாளித்தார். அன்றிலிருந்து அந்த அம்மா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கடைக்கு பஸ், ஆஸ்பத்திரிக்கு பஸ், தங்கை வீட்டுக்கும் பஸ். டிரைவிங் மாஸ்டர் பெண்டாட்டி பஸ் ஸ்டாப்பில் நிற்பதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் அந்தத் தெருவில் இல்லை.

பொம்மைக் கார் பிறகு வந்தது. பொம்மை என்று சொன்னால் அந்தக் கூட்டம் சண்டைக்கு வரும். ஒரு முழ நீளக் கார், உள்ளங்கையில் அடங்குகிற நிஜ எஞ்சின், அதற்கென்றே எண்ணெய் கலந்து டப்பாவில் வரும் எரிபொருள், கையில் ரிமோட். ஆறு முறை தோற்று ஏழாவது முறை லைசென்ஸ் வாங்கிய ஒரு பல் டாக்டர் ஊரைவிட்டுப் போகும்போது, "மாஸ்டர், நீங்க இல்லன்னா நான் எப்பவோ யார் மேலயாவது ஏத்தியிருப்பேன்" என்று கண்கலங்கி அந்தக் காரைக் கொடுத்துவிட்டுப் போனார். மாஸ்டருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பரிசு அது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், மூடிக் கிடந்த ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த மண் மைதானத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். சாவியும் பூட்டும் செய்கிற ஒருவர்தான் தலைவர். ஸ்டாப் வாட்ச் அவர் கழுத்தில், விதிப் புத்தகம் அவர் வாயில்.

இந்தக் கார்களின் உயிர் கார்புரேட்டரில் இருக்கிறது. காற்றும் எரிபொருளும் கலக்கிற இடம் அது. எவ்வளவு எரிபொருள் உள்ளே போகலாம் என்பதை இரண்டு ஊசித் திருகுகள் தீர்மானிக்கும். ஒன்று வேகமாக ஓடும் நேரத்துக்கு, இன்னொன்று மெதுவாக ஓடும் நேரத்துக்கு. திருகைத் திறந்தால் எரிபொருள் கூடும். எஞ்சின் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் புகை கக்கிக்கொண்டு மந்தமாக ஓடும். மூடினால் வேகம் வரும். இன்னும் மூடினால் எரிபொருளோடு வர வேண்டிய எண்ணெயும் குறைந்து, சூடேறி, உள்ளே இறுகிச் செத்தே போகும். இதில் விவகாரம் என்னவென்றால், சாவதற்குச் சற்று முன்னால்தான் எஞ்சின் மிக அழகாக ஓடும்.

மாஸ்டர் எந்தப் பக்கம் திருப்பியிருப்பார் என்று சொல்லவே வேண்டாம். அவர் கார் நான்கு வருடம் கொசு மருந்து வண்டி மாதிரிப் புகை விட்டுக்கொண்டு ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்தது. "புகை மாஸ்டர்" என்று பெயரும் வந்தது. அவர் கவலைப்படவில்லை. எஞ்சின் பத்திரமாக இருந்தது.

ஒரு ஞாயிறு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். உட்கார இடமில்லாமல் கண்ணாடியம்மாவும் மைதானத்துக்கு வந்தார். இரண்டு மணி நேரம் குடை பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு கேட்டார்:

"இது ஏங்க இப்படி இருமுது?"

"இருமலயே. அது சேஃப்டி."

"மத்தவங்க வண்டியெல்லாம் இருமலயே. அவங்க வண்டி செத்துப்போச்சா?"

அடுத்த வாரம் அவராகவே வந்தார். அதற்கடுத்த வாரம் ரிமோட்டை வாங்கி ஓட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மாஸ்டரின் வலது கால் மண்ணைக் குழி பறித்தது, ஆனால் அங்கே மிதிக்க ஒன்றும் இல்லை. மூன்றாவது மாதம் கண்ணாடியம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: பழைய கார்புரேட்டரின் உள் உருளை தேய்ந்துவிட்டது, ஓரத்தில் காற்று புகுகிறது, எத்தனை திருகினாலும் இது ஒரு நிலையில் நிற்காது. கொஞ்சம் பெரிய வாய் உள்ளதாக, உருளை சுழல்வதற்குப் பதில் உள்ளும் வெளியும் நழுவுகிற மாதிரி ஒரு புதிய கார்புரேட்டரை வரவழைத்தார்.

சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து அவர் அதை மாட்டியதை மாஸ்டர் நின்றுகொண்டே பார்த்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கண்ணாடியம்மா பழையதைக் கழற்றி, எஞ்சினின் கழுத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தார். ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, காற்றுக் கசியாமல் இருக்கப் பசையை நூல் போல ஒரு சுற்று வைத்து, புதியதை இறக்கி இறுக்கினார். ரிமோட்டில் விசையை விட்ட நிலையில் எவ்வளவு வாய் திறந்திருக்க வேண்டும் என்பதை அளக்க, கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் துண்டை நுழைத்துப் பார்த்தார். அது உரசிக்கொண்டு உள்ளே போனது.

"இனிமே எதை வேணா தொடுங்க. துடைங்க, கழுவுங்க, டயர் மாட்டுங்க. இந்த ரெண்டு ஊசியை மட்டும் தொடாதீங்க" என்றார்.

"நான் எதுக்கும்மா தொடப்போறேன்?"

கண்ணாடியம்மா அவர் வலது காலை ஒரு முறை பார்த்தார்.

பதம் பார்ப்பதில் ஐந்து வாரம் போயிற்று. கண்ணாடியம்மாவுக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும், கடையில் செய்கிற அதே முறை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். ஊசியை அரைக்கால் சுற்று, அதாவது கால் சுற்றில் பாதி, திருப்புவார். இரண்டு ரவுண்டு ஓட்டுவார். எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது காய எத்தனை நொடி என்று எண்ணுவார். தொட்டவுடன் 'சுர்' என்று பறந்தால் சூடு அதிகம், நான்கு நொடி தாங்கினால் சரி. எரிபொருள் குழாயை விரலால் நசுக்கி, எஞ்சின் எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று பார்ப்பார். எல்லாம் நோட்டில் ஏறும். பிறகு மாஸ்டரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கேட்பார்:

"முன்ன நல்லா இருந்துச்சா, இப்பவா?"

"முன்னதான்."

மறுபடி அரைக்கால். மறுபடி இரண்டு ரவுண்டு.

"இப்பச் சொல்லுங்க. முன்னயா, இப்பவா?"

"முன்னதாம்மா."

பதினேழு முறை கேட்டார். பதினேழு முறையும் மாஸ்டர் முன்னதையே சொன்னார். பதினெட்டாவது முறை கண்ணாடியம்மா ஊசியைத் தொடாமலேயே கேட்டார். அதற்கும் அவர் "முன்னதான்" என்றார். பூட்டுக்காரர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கார் ஓடியது பாருங்கள், அதைச் சொல்லியாக வேண்டும். பின்னால் நீலமாக ஒரு இழைப் புகை மட்டும். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஒரு திணறல் கிடையாது. நான்கு ஞாயிறு தொடர்ந்து முதலாவதாக வந்தது. கண்ணாடியம்மா எதைச் சொன்னாலும் அது வேதவாக்கு என்று மற்றவர்களும் தங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்த அம்மா சிரித்துப் பேசினார். மாஸ்டருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சாவதற்கு முன்னால்தான் அழகாக ஓடும் என்பது அவர் மண்டையைவிட்டுப் போகவில்லை.

வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் இருபது நிமிடப் பந்தயம் வந்தது. ஓட்டுபவர் உயரமான மேடையில் நிற்பார், அவர் ஆள் கீழே கயிற்றுக்கு உள்ளே நின்று எரிபொருள் நிரப்புவார். அன்று காலை குளிர் அதிகம். குளிர் காற்று அடர்த்தியானது, அதற்கு ஈடாக எரிபொருளும் சற்றுக் கூட வேண்டும். கண்ணாடியம்மா அதை மறக்கவில்லை. வழக்கமாக மூன்று சுற்றுத் திறந்திருக்கும் வேக ஊசியை மூன்றே அரைக்கால் ஆக்கி, நோட்டில் எழுதி, தண்ணீர்ச் சொட்டுக்கு நான்கு நொடி எண்ணிவிட்டு, கைப்பையை மாஸ்டரிடம் கொடுத்து மேடைக்குப் போனார். போகும்போது, "இன்னிக்கு ஜெயிச்சா உங்களுக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்" என்றார்.

மாஸ்டர் காரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எஞ்சின் சத்தம் அவருக்கு மெலிந்து கேட்டது, கூர்மையாகக் கேட்டது. அவரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். மூன்று நொடியில் போனது போல இருந்தது. இருபது நிமிடம் ஓட வேண்டுமே. பல் டாக்டர் கண்கலங்கிக் கொடுத்த எஞ்சின் ஆயிற்றே. திருப்புளி சட்டைப் பையில்தான் இருந்தது. அரைக்கால் சுற்று. அதே ஊசியைத் திறந்துவிட்டுத் திருப்புளியை மறுபடி பையில் போட்டுக்கொண்டார். ஒரு நொடி வேலை. மனசு குளிர்ந்துபோயிற்று.

அந்தக் கூட்டத்தில் எத்தனையோ விதிகள் உண்டு, பாதியை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஒன்று மட்டும் கல்லில் எழுதியது: ஓட்டுபவரைக் கேட்காமல் இன்னொருவர் ஊசியைத் தொடக் கூடாது. தொட்டவர் ஒரு வருடம் கயிற்றுக்கு வெளியே.

கார் கிளம்பி மூன்றாவது ரவுண்டிலேயே புகை தடித்தது. "அடடே, புகை மாஸ்டர் வண்டி திரும்பி வந்துடுச்சே" என்று யாரோ கத்தினார்கள். வளைவுகளில் கார் தயங்கித் தயங்கி வெளியே வந்தது. அப்படியும் கண்ணாடியம்மா ஓட்டிய லாகவத்தில் அது இரண்டாவதாகவே இருந்தது. எரிபொருள் நிரப்பக் கார் வந்தபோது மேடையிலிருந்து குரல் வந்தது: "என்னங்க புகை இது?"

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லாமலேகூட அரைக்காலைத் திரும்ப மூடியிருக்கலாம். மாஸ்டரின் கை சட்டைப் பைவரை போயிற்று. மூன்றடி தூரத்தில் பூட்டுக்காரர் நின்றார். கை திரும்பி வந்துவிட்டது. "தெரியலையேம்மா" என்றார்.

பதினாறாவது நிமிடம், மைதானத்தின் கோடி வளைவில், கார் மிஞ்சிய எரிபொருளில் மூச்சுமுட்டி, இரண்டு முறை பொருமிவிட்டு நின்றது. மறுபடி கிளப்பி ஓட்டுவதற்குள் எட்டுப் பேர் கடந்து போய்விட்டார்கள்.

பந்தயம் முடிந்ததும் எல்லாரும் சுற்றி நின்றார்கள். கண்ணாடியம்மா காரின் மேல் மூடியைக் கழற்றிவிட்டு, ஊசியை மெதுவாக மூடிக்கொண்டே சுற்றுகளை எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றே அரைக்காலில் ஊசி முட்ட வேண்டும். முட்டவில்லை. மூன்றேகாலில்தான் முட்டியது. அவர் நிமிரவில்லை. கண் மட்டும் பக்கவாட்டில் நகர்ந்து, மாஸ்டரின் வலது ஷூமேல் ஒரு கணம் நின்றது.

"என்னக்கா, என்ன ஆச்சு?" என்று கேட்டார் பூட்டுக்காரர்.

"என் தப்புதான். குளிருக்குன்னு காலைல திறந்தேன். ஒண்ணுக்கு ரெண்டாத் திறந்துட்டேன் போல."

"நீங்களா? நோட்டுல எழுதாம மூச்சுகூட விட மாட்டீங்களே!" பூட்டுக்காரர் சுற்றிலும் பார்த்தார். "பாருங்கப்பா, கண்ணாடிக்கடைக்கே கண்ணு தெரியாமப் போச்சு. இனிமே இவங்ககிட்ட யாரும் நோட்டைக் காட்டாதீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மனசில் ஒன்றும் இல்லாத சிரிப்புதான். கண்ணாடியம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தார், நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்தார். அந்தச் சிரிப்பு மாஸ்டருக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, கேட்கிறவர்களிடமெல்லாம், "எனக்கு ஓட்ட வராதுங்க" என்று சொல்லிச் சிரித்த அதே சிரிப்பு.

தப்பித்துவிட்டோம் என்று மாஸ்டருக்குள் ஒரு மனசு சொன்னது, அந்த மனசை நினைத்தே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"அவங்க இல்ல" என்றார். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "நான்தான் திருப்பினேன். அவங்க சரியாத்தான் வெச்சாங்க. அவங்க எப்பவும் சரியாத்தான் வெப்பாங்க. எனக்குத்தான் கால் நிக்காது... கை நிக்காது."

சிரிப்பு அடங்கிப்போயிற்று. பூட்டுக்காரர் ஸ்டாப் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். "மாஸ்டர், விதின்னு ஒண்ணு இருக்கே..." என்று இழுத்தார்.

"தெரியும்" என்ற மாஸ்டர், அவர் சொல்லும் முன்பே கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே போய் நின்றார். இரண்டடிதான். ஆனால் முகம் சுண்டிப்போயிருந்தது.

கார் நிறுத்தியிருந்த இடம்வரை கணவனும் மனைவியும் நடந்தார்கள். அது டிரைவிங் பள்ளியின் கார்தான், கூரையில் பலகையும் இடது பக்கம் இரண்டாவது பிரேக்கும் உள்ள கார். மாஸ்டர் சாவியை எடுத்தார். கண்ணாடியம்மா கையை நீட்டினார். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. அந்த அம்மா கைப்பையைத் திறந்து, நோட்டுக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். டிரைவிங் லைசென்ஸ். போன மாதத் தேதி. போட்டோவில் கண்ணாடியம்மா முறைத்துக்கொண்டிருந்தார்.

"இது... எங்க..."

"கடைக்கு எதிர்த்தாப்புல இருக்கே, அந்த ஸ்கூல்ல. மத்தியான இடைவேளைல போனேன். மூணு மாசம்."

"அவன்கிட்டயா? அவனுக்கு ரிவர்ஸ் எடுக்கவே ஒழுங்கா..."

"என்னங்க."

மாஸ்டர் சாவியை அவர் கையில் வைத்தார்.

"ஜெயிச்சுட்டு, உங்களைப் பக்கத்துல உக்காரவெச்சு ஓட்டிட்டுப் போலாம்னு நினைச்சேன். அதான் உங்களுக்காக வெச்சிருந்தது." கண்ணாடியம்மா லைசென்ஸைத் திரும்ப நோட்டுக்குள் வைத்தார். "இப்பப் பக்கத்துல வேணாம். பின்னாடி உக்காருங்க."

இருபத்தாறு வருடத்தில் அந்தக் காரின் பின் சீட்டில் மாஸ்டர் உட்கார்ந்ததே இல்லை. அங்கே முழங்கால் இடிக்கும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மடியில் பந்தயக் காரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன் கார்புரேட்டர் இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது.

கண்ணாடியம்மா கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு, நிதானமாகக் கிளப்பினார். கிடங்குச் சந்தில் ஒரு தண்ணீர் லாரி எதிரே வந்தது. மாஸ்டரின் வலது கால் தரைவிரிப்பை ஓங்கி மிதித்தது. கார் நிற்கவில்லை. லாரிக்கு ஒதுங்கி இடம்விட்டு, உரசாமல், தன்பாட்டில் போயிற்று.

"காலை எடுங்க" என்றார் கண்ணாடியம்மா, திரும்பாமலே.

"எடுத்துட்டேம்மா."

எடுக்கவில்லை. பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் எடுத்தார். குனிந்து வலது ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலை மடக்கி சீட்டின் மேலேயே வைத்துக்கொண்டார். அவர் வயசுக்கு அது பார்க்க நன்றாக இல்லை.

மருந்துக் கடைச் சந்திப்பு வந்தது. விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. கண்ணாடியம்மாவின் தோள் ஒரு கணம் இறுகியதை மாஸ்டர் பின்னாலிருந்து பார்த்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால் அவர் சாலையைத்தான் பார்த்திருப்பார். கார் வேகம் குறையாமல் சந்திப்பைக் கடந்தது. தோள் தணிந்தது. பழைய பஸ் ஸ்டாப் ஜன்னலோரமாகப் பின்னால் போயிற்று.

கொஞ்ச தூரம் போன பிறகு உள் கண்ணாடியில் கண்ணாடியம்மாவின் கண்கள் அவரைத் தேடின. கடையில் கேட்கிற அதே குரலில், அவசரமில்லாமல் கேட்டார்:

"சொல்லுங்க. முன்ன நல்லா இருந்துச்சா, இப்பவா?"

மாஸ்டர் மடியிலிருந்த காரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இப்ப" என்றார்.